படலைச் சாத்திய உங்கள் அப்பா செய்தது சரி

கேள்வி:

தாராபுரம் பக்கம் எங்களுக்குப் பன்னிரண்டு ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம், இருக்குதுங்க. அப்பா நான்கு காங்கேயம் மாடும் முப்பது செம்மறியும் வைத்திருக்கிறார். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் பைனாகுலரை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவேன். போன பங்குனியில் எங்கள் காட்டில் ஒரு ஜோடி கல்குருவியைப் பார்த்தேன். சந்தோஷத்தில் படம் எடுத்து, ஊர்ப் பெயரோடு பேஸ்புக்கில் போட்டேன். அடுத்த ஞாயிறு மூன்று கார் வந்தது. அதற்கடுத்த ஞாயிறு ஏழு. வேலிக் கதவான படலைத் திறந்து போட்டுவிட்டு வண்டியை உள்ளேயே ஓட்டினார்கள். பக்கத்தில் மஞ்சள் மூக்கு ஆள்காட்டி நான்கு முட்டை வைத்திருந்தது. அதைச் சுற்றி உட்கார்ந்து படம் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் முட்டை இல்லை. செம்மறி இரண்டு திறந்த படல் வழியே ரோட்டுக்குப் போய்விட்டன. அப்பா படலைச் சாத்திப் பூட்டுப் போட்டுவிட்டார். "இனி ஒருத்தனும் உள்ள வரக்கூடாது, நீயும் அந்தக் கண்ணாடியைத் தூக்கிட்டு வராதே" என்கிறார். முட்டை போனது என்னால்தானா? பறவை பார்ப்பதையே விட்டுவிட வேண்டுமா? இதற்கு நடுவில் ஒரு குழு, எங்கள் வெற்று நிலத்தில் ஆயிரம் மரக்கன்று இலவசமாக நட்டுத் தருவதாகச் சொல்கிறது. அதுவாவது பறவைகளுக்கு நல்லதுதானே?

பெயர் வேண்டாம், திருப்பூர் மாவட்டம்

பதில்:

அம்மிணி, உங்கள் கடிதத்தில் ஊர்ப் பெயரும் வலசின் (சிற்றூரின்) பெயரும் இருந்தன. வெளியிடும் முன் இரண்டையும் நானே எடுத்துவிட்டேன். ஏன் என்பது போகப்போகப் புரியும்.

முதலில், உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் கேள்விக்கு வருகிறேன். தரையில் இடப்படும் முட்டைகளில் நிறைய, மனிதர் யாரும் எட்டிப் பார்க்காமலேயே போய்விடுபவை. கீரி தின்னும், உடும்பு தின்னும், காக்கை கொத்தும், நாய் மோப்பம் பிடிக்கும், சில சமயம் ஆட்டின் குளம்பே மிதித்துவிடும். உங்கள் ஆள்காட்டியின் நான்கு முட்டையை எது எடுத்தது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அத்தனை பேர் சுற்றி உட்கார்ந்திருந்த நேரத்தில் அங்கே என்னவெல்லாம் நடந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியும். அதே தவறை நானும் செய்திருக்கிறேன்.

ஆய்வு மாணவனாக இருந்தபோது நடந்தது. மூலனூர்ப் பக்கம் ஒரு கொறங்காட்டில் மஞ்சள் மூக்கு ஆள்காட்டி முட்டையிட்டிருப்பதைக் கண்டேன். கூடு என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. மாட்டுக் குளம்பு அளவுக்கு ஒரு சிறு பள்ளம், சுற்றிக் கொஞ்சம் பொடிக்கல், நடுவில் கூர்முனைகள் உள்நோக்கிச் சேர்ந்திருக்க நான்கு முட்டை. மண் நிறத்தில் கரும்புள்ளி. ஒரு எட்டு பின்னால் நகர்ந்தால் கண்ணிலிருந்து மறைந்துவிடும். நான் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்து, அளவுகோல் வைத்து அளந்து, நோட்டில் குறித்துக்கொண்டேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். தாய்ப்பறவையும் தந்தைப்பறவையும் தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றின. நான் அதையும் குறித்துக்கொண்டேன். பக்கத்துப் பனையில் ஒரு அண்டங்காக்கை உட்கார்ந்திருந்ததை மட்டும் குறிக்கவில்லை.

மறுநாள் காலையில் பள்ளம் வெறுமையாக இருந்தது. ஓட்டுத் துண்டு ஒன்று பத்தடி தள்ளிக் கிடந்தது. நான் நின்ற நிலையைப் பார்த்துக் காட்டுக்காரர் அருகில் வந்தார். கோபப்படவில்லை. "அது ஆளைக் காட்டிக் கொடுக்குற குருவிங்க தம்பி. நேத்து நீங்க குருவியைக் காட்டிக் கொடுத்துட்டீங்க" என்றார். இருபத்தைந்து ஆண்டு ஆகப் போகிறது. புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம் இன்றும் அதுதான்.

இன்னொன்று, வெயில். அடை காப்பது என்றால் முட்டையைச் சூடாக்குவது என்றுதான் நாம் நினைக்கிறோம். நம் பக்கத்துப் பங்குனி, சித்திரை வெயிலில் நடப்பது அதற்கு நேர்மாறு. உச்சிவேளையில் வெறும் மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். முட்டைக்குள் இருக்கும் கரு அந்தச் சூட்டைத் தாங்காது. அதனால் பறவை அங்கே குடையாக நிற்கிறது. ஆள்காட்டி தண்ணீருக்குப் போனால் குடித்துவிட்டு மட்டும் வருவதில்லை. வயிற்றுச் சிறகை நன்றாக நனைத்துக்கொண்டு திரும்பி வந்து, அந்த ஈரத்தோடு முட்டை மேல் உட்காரும். அந்தப் பறவையை எழுப்பிவிட்டு நாம் பக்கத்தில் உட்கார்ந்து லென்ஸை மாற்றிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெயிலில் கிடக்கிறது. நாம் தொடவே வேண்டியதில்லை. நம் நிழலுக்கு அஞ்சி அது வராமல் நின்றாலே போதும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான பதில்: உங்கள் பங்கு இருக்கிறது. படம் எடுத்ததில் இல்லை, ஊர்ப் பெயரைப் போட்டதில் இருக்கிறது. மீதிப் பங்கு, கேட்காமல் படலைத் திறந்தவர்களுடையது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவது மட்டுமல்ல, முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அதற்குள் வருகிறது. துப்பாக்கி தூக்கியவனுக்கும் பெரிய லென்ஸோடு கூட்டருகே குத்தவைத்தவனுக்கும் சட்டம் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. காரில் வந்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் தெரியாது. நல்ல மனதோடு வந்தவர்கள்தான் அவர்களும்.

ஒரு ஆறுதலும் சொல்ல வேண்டும். முட்டை போன ஆள்காட்டி பெரும்பாலும் மறுபடி முட்டையிடும், அதே காட்டிலோ பக்கத்துக் காட்டிலோ. அதற்கு வேண்டியது அமைதி. பூட்டுப் போட்டதன் மூலம் உங்கள் அப்பா அதைத்தான் கொடுத்திருக்கிறார்.

அவர் பக்கத்தை இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் பறவையைக் காப்பாற்றி வைத்திருப்பவர் அவர்தான். கொங்கில் சரணாலயப் பலகை வைத்த இடங்கள் குளங்களும் மலைகளும்தான். திருப்பூரின் நஞ்சராயன் குளமும் ஈரோட்டின் வெள்ளோடும், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் இருக்கின்றன. வெள்ளோடு 2022-இலும் நஞ்சராயன் குளம் 2024-இலும் சேர்ந்தன. நாரைக்கும் வாத்துக்கும் அரசாங்கம் காவல் நிற்கிறது. கொறங்காட்டுக்கு அப்படி ஒரு பலகையும் கிடையாது. மேற்கு மலையின் மழை மறைவில், சோளமும் கம்பும் ஒழுங்காக விளையாத மேட்டு நிலத்தை நம் முன்னோர் முள்கிளுவை வேலி போட்டுப் பிரித்து, கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு, வெள்வேல் மரத்தை அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கவிட்டு, மாட்டுக்கும் ஆட்டுக்கும் என்று ஒதுக்கி வைத்தார்கள். பெரும்பாலும் பட்டா நிலம். அந்த நிலம் வனத்துறையின் பொறுப்பில் இல்லை. ஒரு குடும்பம் இந்தத் தலைமுறையிலும் மாடு வைத்திருக்க முடிவு செய்தால் அந்தக் காடு இருக்கும். சைட் போட்டுவிட்டாலோ, சோலார் பலகை பரப்பிவிட்டாலோ இருக்காது.

கல்குருவி ஏன் உங்கள் காட்டைத் தேடி வந்தது? மாடு மேய்ந்ததால் புல் கணுக்கால் உயரத்துக்கு மேல் போகவில்லை. காய்ந்த சாணிக்கு அடியில் கரையானும் வண்டும் இருக்கின்றன. பறவைக்கு வேண்டியது இந்த இரண்டும்தான்: ஓட வெட்டவெளி, கொத்த வண்டு. நீங்கள் அதை நேரில் பார்த்திருக்கிறீர்கள். இருந்தாலும் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். வெளுத்த நீளக் கால்கள், செம்பழுப்பு உச்சந்தலை, கண்ணை ஒட்டி ஒரு கறுப்புக் கோடு, அதற்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு. பத்தடி விறுவிறுவென்று ஓடும். சட்டென்று நிமிர்ந்து நிற்கும். குனிந்து ஒரு கொத்து. மறுபடி ஓட்டம். ஆள் வந்தால் உடனே பறக்காது, ஓடித்தான் விலகும். இதனால்தான் வண்டியில் துரத்துகிறவர்கள் ஏமாறுகிறார்கள். பறக்கவில்லையே, பயப்படவில்லை போல என்று நினைக்கிறார்கள். அது பயந்துதான் ஓடிக்கொண்டிருக்கிறது. முட்டையை விட்டு, குஞ்சை விட்டு, ஓடிக்கொண்டிருக்கிறது. குஞ்சு பொரித்த கொஞ்ச நேரத்திலேயே நடக்கத் தொடங்கிவிடும்; ஆபத்து என்றால் தரையோடு தரையாக ஒட்டிப் படுத்துக்கொள்ளும், அசையவே அசையாது. கார் டயருக்கு முன்னாலும் அப்படியே படுத்திருக்கும். கொறங்காட்டுக்குள் வண்டியை விடவே கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதற்காகத்தான். படல் வரைதான் வண்டி. அதற்கு மேல் நடை.

பறவை பார்ப்பதை நீங்கள் விட வேண்டாம். பார்க்கும் முறையை மாற்றினால் போதும்.

எவ்வளவு தூரத்தில் நிற்பது என்று எல்லோரும் எண் கேட்கிறார்கள். எண் கொடுத்தால் அதைப் பிடித்துக்கொண்டு பறவையைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். தூரத்தைப் பறவையிடம்தான் கேட்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு நாளும் புதிதாக. இரை கொத்திக்கொண்டிருந்த பறவை தலையைத் தூக்கி அப்படியே நின்றால் அது உங்களைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டு எட்டு உங்களுக்கு எதிர்த்திசையில் நடந்தால் நீங்கள் ஏற்கெனவே கிட்டத்தில் இருக்கிறீர்கள். ஆள்காட்டி கத்தத் தொடங்கிவிட்டால், கவுதாரி புதருக்குள் பதுங்கிவிட்டால், ஏதேனும் ஒரு பறவை இறக்கை ஒடிந்தாற்போல் தரையில் இழுத்துக்கொண்டு உங்களை வேறு பக்கம் கூட்டிப்போகப் பார்த்தால், முட்டையோ குஞ்சோ உங்கள் காலடியில் இருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் நின்று தேடாதீர்கள். வந்த தடத்திலேயே, தரையைப் பார்த்துக்கொண்டே, பறவை மறுபடி இரை கொத்தத் தொடங்கும் வரை பின்னால் போங்கள். அது எத்தனை எட்டு ஆகிறதோ அதுதான் அன்றைய தூரம். மறுநாள் அதே பறவை இன்னும் தள்ளி நிற்கச் சொல்லலாம்.

முட்டைக்காலத்தில் உள்ளே போகவே வேண்டாம் என்பேன். மாசிக் கடைசியிலிருந்து ஆடி வரை கொறங்காட்டின் தரை முழுவதையுமே கூடு என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஆள்காட்டி, கல்குருவி, இரவில் இரை தேடும் பக்கி, கவுதாரி, மாட்டுக் குளம்புப் பள்ளத்திலேயே புல் வைத்து முட்டையிடும் சாம்பல்தலை வானம்பாடி, எல்லாமே தரையில்தான். பக்கி கூடு கட்டுவதே இல்லை. வெறும் மண்ணில் இரண்டு முட்டை, அதன்மேல் காய்ந்த இலைபோல ஒரு பறவை. மிதித்த பிறகுதான் தெரியும்.

உள்ளே போகாவிட்டால் எங்கிருந்து பார்ப்பது? உங்களுக்கு அதற்கான வசதி பிறப்பிலேயே இருக்கிறது: இட்டேரி, காடுகளுக்கு நடுவே போகும் தடம். இரண்டு பக்கமும் ஆள் உயரக் கிளுவை வேலி. காடு முழுவதும் தெரியும், நீங்கள் தெரிய மாட்டீர்கள். வெளியூர் ஆட்கள் காசு கொடுத்து மறைவுக் கூடாரம் வாங்குகிறார்கள். நமக்கு அதை முன்னோர் நட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு விடிகாலையில் வேலி இடுக்கில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். துரத்திப் பிடித்த படத்தைவிட நல்ல படம் கிடைக்கும், நான் பொறுப்பு. மாடும் ஆடும் மேய்ந்துகொண்டிருந்தால் இன்னும் நல்லது. கால்நடைக்கு அந்தப் பறவைகள் பழகியவை. அப்பா நடந்துபோனால்கூட அவ்வளவாகப் பொருட்படுத்தாது, கவனித்திருப்பீர்கள். அவர் ஒரே நடையில், நிற்காமல், பறவையை உற்றுப் பார்க்காமல் போகிறார். நாம்தான் நேராக அதை நோக்கிப் போய், நின்று, குழலை நீட்டுகிறோம். பிடிக்க வரும் மிருகம் செய்வதும் அதுதான்.

தண்ணீர்த் தொட்டி உள்ள இடத்தில் கோடையில் உட்கார வேண்டாம். கல்கவுதாரி காலையில் வெகுதூரத்திலிருந்து கூட்டமாகத் தண்ணீருக்கு வரும். அந்த இனத்தில் ஆண் பறவை வயிற்றுச் சிறகில் தண்ணீரை ஊறவைத்துக் குஞ்சுக்குக் கொண்டுபோகும். தொட்டியருகே ஆள் இருந்தால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் குடிக்காமலே திரும்பிவிடும். சுற்றுவட்டத்தில் அது ஒன்றே தொட்டியாக இருந்தால் அன்றைக்கு அந்தக் குஞ்சுகளுக்குத் தண்ணீர் இல்லை.

போனில் குரலைப் போட்டுப் பறவையை வரவழைப்பது, படம் துலக்கமாக விழ வேண்டும் என்று முட்டையைச் சுற்றியுள்ள புல்லைக் கிள்ளுவது, இரவில் பக்கியின் கண்ணில் டார்ச் அடித்து நிறுத்தி வைப்பது, ட்ரோன் விடுவது: இவற்றுக்கு நான் விளக்கம் எழுதப் போவதில்லை. செய்யக் கூடாது. இரவில் இட்டேரியில் பைக்கில் போனால் மட்டும் மெதுவாகப் போங்கள். பக்கி தடத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும், விளக்கு வெளிச்சத்தில் கடைசி நொடி வரை எழாது. கூடு இருக்கும் இடத்தை அடையாளம் வைக்கக் குச்சி நடுவதோ துணி கட்டுவதோ வேண்டாம். காக்கைக்கும் அது அடையாளம்தான். வேலியில் எந்த வெள்வேலுக்கு நேராக என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். உங்கள் வீட்டு நாய் உங்கள் பின்னாலேயே வரும் வழக்கம் உள்ளதா? அந்த மாதங்களில் அதைக் கட்டிப் போட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

இப்போது ஊர்ப் பெயர் விஷயம். ஏரிப் பறவையின் இடத்தைச் சொன்னால் பெரிய கெடுதல் வராது. கரை இருக்கிறது, நடுவில் தண்ணீர் இருக்கிறது, வேண்டாதவன் கிட்டப் போக முடியாது. கொறங்காட்டில் பறவைக்கும் ஆளுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. படமெடுக்க வருபவன் மட்டும்தான் உங்கள் பதிவைப் படிக்கிறான் என்றும் நினைக்காதீர்கள். காடைக்கும் கவுதாரிக்கும் கண்ணி வைப்பவனிடமும் போன் இருக்கிறது. படத்தைப் போட ஆசையாக இருந்தால் 'திருப்பூர் மாவட்டம்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முட்டைக்காலம் முடிந்த பிறகு போடுங்கள். கூட்டின் படத்தை எப்போதுமே போட வேண்டாம். போன் படத்துக்குள்ளேயே இடக்குறிப்பு பதிந்திருக்கும், வாட்ஸப்பில் கோப்பாக அனுப்பினால் அதுவும் சேர்ந்தே போகும். கேமரா செட்டிங்கில் அதை அணைத்துவிடுங்கள். பறவைப் பதிவுக்கான இ-பேர்டு இணையதளத்தில் பட்டியல் இடுபவராக இருந்தால் பட்டியலைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்து வைக்கலாம். தகவல் பத்திரமாக இருக்கும், ஆள் வராது. உங்கள் பழைய பதிவை இன்றே எடுத்துவிடுங்கள். 'இடம் எங்கே' என்று கேட்பவர்களுக்கு, "எங்கள் வீட்டுக் காடுங்க, அப்பா சம்மதிக்கவில்லை" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. அதற்கு மேல் வற்புறுத்துகிறவரைப் பறவை ஆர்வலர் என்று நான் சொல்ல மாட்டேன்.

மரக்கன்றுக் குழுவுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கடுமையாக அல்ல; அவர்கள் நல்லது செய்வதாக நம்பித்தான் வருகிறார்கள். ஆனால் 'வெற்று நிலம்' என்ற அந்தச் சொல்லைத் திருத்துங்கள். நம் நிலப் பதிவேடும் புல்வெளியைத் தரிசு என்று எழுதிப் பழகியதால் படித்தவர்களுக்கும் அது காலியிடமாகத்தான் தெரிகிறது. ஆயிரம் கன்று நட்டால் ஐந்தாறு வருடத்தில் நிழல் விழும்; அடியில் கொழுக்கட்டைப் புல் மெலியும்; காக்கைக்கும் வல்லூறுக்கும் உட்கார ஆயிரம் கிளை கிடைக்கும். வெட்டவெளியில் நாலாபுறமும் பார்த்துப் பிழைக்கிற கல்குருவி இடத்தைக் காலி செய்துவிடும். உங்கள் மாட்டுக்கும் மேய்ச்சல் போய்விடும். இப்போது நிற்கும் வெள்வேல் போதும். அதன் காயை ஆடு தின்னும், நிழலும் அளவோடுதான் விழும். அந்தக் குழுவுக்குக் கைவேலைதான் வேண்டும் என்றால் இரண்டு வேலை இருக்கிறது. கிளுவை வேலியில் விழுந்த இடைவெளிகளில் மழைக்கு முன் கிளுவைப் போத்து (கிளைத் துண்டு) ஊன்றித் தரச் சொல்லுங்கள். சீமைக்கருவேலம் முளைத்திருந்தால் சிறு செடியாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கித் தரச் சொல்லுங்கள். படம் எடுத்துப் போட அவ்வளவு அழகாக இருக்காதுதான்.

மேய்ச்சலை நிறுத்திவிடலாமா என்று சிலர் உங்களிடம் சொல்லக் கூடும். நிறுத்தக் கூடாது. மேயாத காட்டில் புல் இடுப்பளவு வளரும், பிறகு சீமைக்கருவேலம் ஏறும், கல்குருவி வராது. உங்கள் காடு இரண்டு மூன்று துண்டாகப் பிரிந்திருக்கும். அப்பா மாற்றி மாற்றித்தான் மேய்ப்பார். எந்தத் துண்டில் முட்டை இருக்கிறதோ அதை மட்டும் கடைசிக்குத் தள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஆள்காட்டி ஒரு மாதம் போல அடைகாக்கும், வானம்பாடிக்கு இரண்டு வாரம் போதும். புல் குறைவான வருடம் என்றால் அவரால் முடியாமல் போகலாம், அதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். மாடு பட்டினி கிடக்கும் காட்டில் பறவையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

குளிர்காலத்துக்கும் ஒரு வார்த்தை. ஐப்பசி மழைக்குப் பிறகு பூனைப்பருந்துகள் வந்துவிடும். கஜகஸ்தான் பக்கத்துப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வந்து நம் வெட்டுக்கிளியைத் தின்று பங்குனி வரை இருக்கும். பகலெல்லாம் தனித்தனியாக, புல்லுக்கு ஓர் ஆள் உயரத்துக்கு மேல், இறக்கையை மேல்நோக்கி விரித்து மிதந்துகொண்டிருக்கும். பொழுது சாயும்போது ஒவ்வொன்றாக வந்து ஒரே புல்வெளியில் தரையில் இறங்கும். அதைப் பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கும். அந்த நேரத்தில் உள்ளே கால் வைத்தால் மொத்தமும் எழுந்துவிடும். இருட்டில் வேறிடம் தேட வேண்டும், நரியும் நாயும் திரிகிற நேரம் அது. தூரத்து மேட்டில் நின்று எண்ணிக்கொள்ளுங்கள். நன்றாக இருட்டிய பிறகு டார்ச் அடிக்காமல் திரும்புங்கள். பறவை பார்க்க விரும்பும் தோழிகள் யாராவது இருந்தால் இந்தக் காலத்தில், இரண்டு மூன்று பேராக, அப்பாவிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கூட்டி வாருங்கள். பொங்கல் விடுமுறையில் ஆண்டுதோறும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஏரிக்கரைக்கு எல்லோரும் போவார்கள். நீங்கள் உங்கள் இட்டேரியில் கால் மணி நேரம் நின்று எண்ணினால், யாரும் எண்ணாத இடத்தின் கணக்கு ஒன்று சேரும்.

அப்பாவிடம் எப்படிப் பேசுவது என்றும் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். சாவியைக் கேட்காதீர்கள். முதலில் அந்த இரண்டு செம்மறிக்காக மன்னிப்புக் கேளுங்கள். ரோட்டில் லாரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பார். பிறகு ஒரு நாள் சாயந்திரம் மாட்டைக் கட்டிவிட்டு அவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, ஆக்காட்டி முன்பெல்லாம் எந்தத் துண்டில் முட்டை வைக்கும், எந்த வருடத்திலிருந்து கவுதாரி குறைந்தது, கல்குருவியை அவர் சின்ன வயதில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்த அளவுக்கு அந்தக் காட்டை எந்த ஆய்வாளருக்கும் தெரியாது. அவர் சொல்வதை அன்றைய தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

எனக்கும் அந்தப் பறவைகளைப் பார்க்க ஆசைதான். ஆவணி பிறந்த பிறகு அவரிடம் கேட்டு எழுதுங்கள். சரி என்றால் பஸ்ஸில் வந்து இறங்கி நடந்தே வருகிறேன். படலுக்குள் வர மாட்டேன், இட்டேரியிலேயே நின்றுகொள்கிறேன்.